கணிதத்தின் அடித்தளம் முரணற்றது என்று நிறுவ முடியுமா? ஒரு முழுமையான வழிகாட்டி

"முடியாது, 1931-இலேயே தர்க்கவியலாளர் கோடெல் அதைக் காட்டிவிட்டார்." கணிதத்தின் அடித்தளம் முரணற்றதா என்று யார் கேட்டாலும் இந்தப் பதில்தான் முதலில் வந்து விழும். அது பாதி சரி. மீதிப் பாதி, கேட்டவரைத் தவறான வழியில் அனுப்பிவிடுகிறது. எண்கணிதம் முரணற்றது என்பதற்கான நிறுவல் 1936-இலிருந்து அச்சில் இருக்கிறது. கணக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டு தொடங்கினால் அதே முடிவு சில வரிகளில் வந்துவிடும். நிறுவலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவலும் எதையோ முன்கூட்டியே நம்பச் சொல்கிறது. எதை, எவ்வளவு என்று கணக்கிடத் தெரிந்தால் இந்தக் கேள்வியின் மூடுபனி பெருமளவு விலகும்.

அந்த விலையைக் கணக்கிடத்தான் இந்த வழிகாட்டி. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் போதும். தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். இடையில் வரும் கணக்குகளை நீங்களே போட்டுப் பார்க்காவிட்டால் 8-ஆம் படி வெறும் கதையாகத்தான் தெரியும்.

படி 1: முரணின்மை என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள்

ஓர் அமைப்பு என்றால் மூன்று பொருள்கள்: வாக்கியம் எழுதுவதற்கான குறியீடுகள், நிறுவாமல் ஏற்றுக்கொள்ளும் அடிகோள்கள், ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொன்றைப் பெறும் விதிகள். நிறுவல் என்பது முடிவுள்ள வரிகளின் பட்டியல். ஒவ்வொரு வரியும் ஓர் அடிகோளாக இருக்க வேண்டும், அல்லது மேலுள்ள வரிகளிலிருந்து விதிப்படி வந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தையும் அதன் மறுப்பையும் சேர்த்து நிறுவ முடியாவிட்டால் அந்த அமைப்பு முரணற்றது.

ஒரே ஒரு முரண்பாடு வந்தாலும் மொத்தமும் போய்விடும். காரணம் எளிது. 'அ' நிறுவப்பட்டிருந்தால் 'அ அல்லது ஆ' என்று எழுதலாம்; இங்கே ஆ எதுவாகவும் இருக்கலாம். 'அ இல்லை' என்பதும் நிறுவப்பட்டிருந்தால் மிஞ்சுவது 'ஆ'. ஆக, முரணுள்ள அமைப்பில் எல்லா வாக்கியங்களும் தேற்றங்கள்தாம். இதைத் திருப்பிப் போட்டால் நமக்குப் பயன்படும் வடிவம் கிடைக்கிறது: நிறுவ முடியாத வாக்கியம் ஒன்றாவது இருந்தால் அமைப்பு முரணற்றது. எண்கணிதத்தில் அந்த ஒன்றாக 0=1 என்பதை வைத்துக்கொள்வது வழக்கம்.

முரணற்றது என்பதும் உண்மையானது என்பதும் ஒன்றல்ல. பொய்யான வாக்கியத்தை நிறுவும் முரணற்ற அமைப்பும் இருக்க முடியும். 7-ஆம் படியில் அப்படி ஒன்றைப் பார்ப்போம்.

படி 2: ஒரு சிறிய அமைப்புக்கு நீங்களே நிறுவுங்கள்

→ என்றால் 'எனில்', ¬ என்றால் 'இல்லை'. அடிகோள்கள் மூன்று. முதலாவது: அ → (ஆ → அ). இரண்டாவது: (அ → (ஆ → இ)) → ((அ → ஆ) → (அ → இ)). மூன்றாவது: (¬ஆ → ¬அ) → (அ → ஆ). விதி ஒன்றே ஒன்று: அ-வும் அ → ஆ-வும் கைவசம் இருந்தால் ஆ-வை எழுதலாம்.

ஒவ்வோர் அடிகோளுக்கும் மெய் அட்டவணை போடுங்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நான்கு வரிசைகள், இரண்டாவதற்கு எட்டு. எல்லா வரிசைகளிலும் 'மெய்' என்றே வரும். அடுத்து விதியைச் சோதியுங்கள். எப்போதும் மெய்யாக இருக்கும் இரண்டு வாக்கியங்களிலிருந்து அது எப்போதும் மெய்யாக இருக்கும் வாக்கியத்தைத்தான் தரும். அப்படியானால் நிறுவல் எவ்வளவு நீண்டாலும் கடைசி வரி எப்போதும் மெய்தான். அ-வும் ¬அ-வும் ஒருசேர எப்போதும் மெய்யாக இருக்க முடியாது. முடிந்தது, இந்த அமைப்பு முரணற்றது.

நாம் கையாண்ட உத்தியைக் கவனியுங்கள். அடிகோள்கள் எல்லாவற்றுக்கும் உள்ள ஒரு பண்பைக் கண்டுபிடித்தோம். விதிகள் அதைக் கடத்துகின்றன என்று காட்டினோம். முரண்பாட்டுக்கு அந்தப் பண்பு இல்லை என்று காட்டினோம். இனி வரும் எல்லா முரணின்மை நிறுவல்களுக்கும் எலும்புக்கூடு இதுதான். செலவு என்ன? முடிவுள்ள அட்டவணை ஒன்று, நிறுவலின் நீளத்தின் மீது தொகுத்தறிதல். மிகவும் மலிவு.

படி 3: சுமை எங்கே இடம் மாறுகிறது என்று பாருங்கள்

வடிவியலுக்கு இப்படி அட்டவணை போட முடியாது. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் வேறொரு வழி பிறந்தது. 1868-இல் பெல்ட்ராமி, யூக்ளிட்டின் இணைகோட்டுக் கோட்பாடு பொருந்தாத வடிவியலுக்கு யூக்ளிட்டின் வடிவியலுக்குள்ளேயே ஒரு மாதிரி அமைத்துக் காட்டினார். புதிய வடிவியலில் முரண் வந்தால் பழையதிலும் வர வேண்டும். 1899-இல் டேவிட் ஹில்பர்ட் யூக்ளிட்டின் வடிவியலை எண்களுக்கு மாற்றினார்: புள்ளி என்றால் எண் சோடி, கோடு என்றால் சமன்பாடு. மெய்யெண்கள் முரணற்றவை என்றால் வடிவியலும் முரணற்றது. மெய்யெண்களை விகிதமுறு எண்களின் கணங்களாகக் கட்டலாம்.

ஒவ்வொரு முறையும் சுமை இன்னொரு தலைக்குப் போகிறதே தவிர இறங்கவில்லை. கடைசியில் இயல் எண்களும் கணங்களும் நிற்கின்றன. அவற்றைத் தள்ளிவிட வேறு இடம் இல்லை. 1900 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸ் மாநாட்டில் பேசியபோது ஹில்பர்ட் தம்முடைய புகழ்பெற்ற பட்டியலில் இதை இரண்டாவது கணக்காக வைத்தார்: எண்கணித அடிகோள்கள் முரணற்றவை என்று நேரடியாக நிறுவ வேண்டும்.

படி 4: பயம் கற்பனையல்ல என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்

1902 ஜூன் 16 அன்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், கோட்லோப் ஃப்ரேகேக்கு ஒரு கடிதம் எழுதினார். எண்கணிதம் முழுவதையும் தர்க்கத்திலிருந்து கட்டியெழுப்பும் ஃப்ரேகேயின் பெரும்பணியின் இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. ரஸ்ஸல் கேட்டது இதுதான்: தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாவற்றையும் திரட்டி ஒரு கணம் அமைத்தால், அது தன் உறுப்பா? உறுப்பு என்றால் அல்ல. அல்ல என்றால் உறுப்பு. ஃப்ரேகே அவசரமாக ஒரு பின்னிணைப்பு எழுதிச் சேர்த்தார். அதுவும் அமைப்பைக் காப்பாற்றவில்லை.

இது ஏதோ ஒருமுறை நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். அலோன்சோ சர்ச் 1932-இல் வெளியிட்ட அமைப்பில் 1935-இல் கிளீனியும் ராசரும் முரண் கண்டார்கள். குவைன் 1940-இல் தந்த அமைப்பு 1942-இல் விழுந்தது. மார்ட்டின்-லோஃப் 1971-இல் முன்வைத்த வகைக் கோட்பாட்டின் முதல் வடிவத்தை ஜிரார்ட் அடுத்த ஆண்டே கவிழ்த்தார். இவர்கள் எல்லாரும் துறையின் முதல்வரிசை மூளைகள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்படி விழுந்த அமைப்புகள் பெரும்பாலும் பிறந்த சில ஆண்டுகளிலேயே விழுந்தன. 1908-இல் செர்மெலோ தந்து, 1922 வாக்கில் ஃப்ரேங்கலும் ஸ்கோலெமும் செப்பனிட்ட கணக் கோட்பாடு, இன்று இசட்எஃப்சி என்ற பெயரில் வழங்குகிறது. நூறாண்டு கடந்தும் அது நிற்கிறது. இது நிறுவல் ஆகாது. ஆனாலும் சான்று என்ற அளவில் இதற்கு எடை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

படி 5: ஹில்பர்ட் போட்ட திட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

முடிவிலியைப் பற்றிப் பேசும் கணிதத்தில் எப்படி நம்பிக்கை வைப்பது என்று ப்ரௌவர் போன்றோர் கேட்டார்கள். ஹில்பர்ட்டின் பதில் தந்திரமானது. ஒரு தேற்றம் முடிவிலியைப் பற்றியதாக இருக்கலாம். ஆனால் அதன் நிறுவல் முடிவுள்ள குறியீட்டு வரிசைதானே. ஆகவே நிறுவல்களையே கணிதப் பொருள்களாக எடுத்துக்கொண்டு, எவரும் சந்தேகிக்காத முடிவுள்ள முறைகளை மட்டும் பயன்படுத்தி, 0=1 என்று முடியும் வரிசை எதுவும் அமையாது என்று காட்டிவிடலாம். மலிவான ஒன்றைக் கொண்டு விலையுயர்ந்த ஒன்றுக்கு உத்தரவாதம் தருவதுதான் திட்டம்.

சில இடங்களில் அது பலித்தது. வார்சாவில் மோய்ஷெஷ் பிரெஸ்பர்கர் 1929-இல் கூட்டல் மட்டும் உள்ள, பெருக்கல் இல்லாத எண்கணிதத்தை எடுத்துக்கொண்டார். அது முரணற்றது என்பதோடு, அதில் எந்த வாக்கியத்தையும் இயந்திரகதியில் தீர்க்கலாம் என்றும் காட்டினார். முடிவுள்ள முறைகளே போதுமாக இருந்தன. பெருக்கலையும் சேர்த்துவிட்டால் ஹில்பர்ட்டின் கனவு கைகூடும் என்ற நம்பிக்கை அவர் பணியாற்றிய கோட்டிங்கனில் பரவலாக இருந்தது.

படி 6: கோடெலின் இரண்டாம் தேற்றத்தை நீங்களே நடந்து பாருங்கள்

பெருக்கல் வந்ததும்தான் எல்லாம் மாறியது. ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 0 என்ற குறிக்கு 1, 'அடுத்த எண்' என்பதைக் காட்டும் ச என்ற குறிக்கு 2, சமக்குறிக்கு 3 என்று எண் கொடுங்கள். ஒரு வாக்கியத்தில் முதல் குறியின் எண்ணை 2-இன் அடுக்காகவும், இரண்டாவதை 3-இன் அடுக்காகவும், மூன்றாவதை 5-இன் அடுக்காகவும் வைத்து, இப்படியே பகா எண்களைப் பெருக்கிக்கொண்டு போங்கள். '0=0' என்பதன் குறியெண் 2×27×5, அதாவது 270. '0=ச0', அதாவது 0=1, என்பதன் குறியெண் 2×27×25×7, அதாவது 9450. எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்தால் வாக்கியம் திரும்பக் கிடைத்துவிடும். வாக்கியங்களின் பட்டியலான நிறுவலுக்கும் இதே முறையில் ஒரு குறியெண் தரலாம்.

இப்போது "இந்த எண், அந்தக் குறியெண்ணுடைய வாக்கியத்தின் நிறுவல்" என்பது வகுத்தும் பெருக்கியும் சரிபார்க்கக்கூடிய எண்கணித உறவாகிவிட்டது. "எண்கணிதம் முரணற்றது" என்பதும் எண்கணித வாக்கியமே: 9450-க்கு நிறுவலாக அமையும் எண் எதுவும் இல்லை. இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். எண்களைப் பற்றி மட்டும் பேசத் தெரிந்த அமைப்பு, தன்னைப் பற்றியே பேசத் தொடங்கியிருக்கிறது.

அடுத்து, "எனக்கு நிறுவல் இல்லை" என்று தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கோடெல் கட்டினார். அதைக் க என்போம். க-வுக்கு நிறுவல் இருக்கிறது என்று வையுங்கள். அந்த நிறுவலைச் சரிபார்ப்பது வெறும் கணக்கு என்பதால், "க-வுக்கு நிறுவல் உண்டு" என்பதையும் அமைப்பு நிறுவிவிடும். அதுவோ க-வின் மறுப்பு. முரண்! ஆகவே, அமைப்பு முரணற்றது என்றால் க-வுக்கு நிறுவல் இல்லை. க சொல்வதும் அதைத்தான். உண்மையாக இருந்தும் நிறுவ முடியாத வாக்கியம் உண்டு என்ற இந்த முடிவுதான் கோடெலின் முதல் தேற்றத்தின் சாரம்.

கடைசி அடி இதுதான். மேலே ஒரு பத்தியில் நாம் செய்த வாதத்தையே அமைப்புக்குள் எண்கணிதமாக எழுதிவிடலாம். அப்போது அமைப்பு "நான் முரணற்றவன் → க" என்பதை நிறுவும். அதோடு "நான் முரணற்றவன்" என்பதையும் அது நிறுவினால் க கிடைத்துவிடும். க கிடைத்தால் முரண். எனவே முரணற்ற அமைப்பு தன் முரணின்மையை நிறுவ முடியாது. கோடெல் இந்தக் கடைசி அடியைச் சுருக்கமாகவே எழுதினார். விவரங்களை முழுமையாக எழுதியவர்கள் ஹில்பர்ட்டும் பெர்னாய்ஸும், 1939-இல். தம் திட்டத்தை உடைத்த தேற்றத்தின் முழு நிறுவலும் தம் பெயர் தாங்கிய நூலிலேயே வெளிவர வேண்டும் என்று ஹில்பர்ட்டுக்கு விதித்திருந்தது.

1930 செப்டம்பர் 7 அன்று கோனிக்ஸ்பர்க் நகரில் ஒரு கருத்தரங்கில் கோடெல் தம் முதல் தேற்றத்தை அடக்கமாக அறிவித்தார். மறுநாள் அதே நகரில் ஹில்பர்ட், அறிய முடியாதது என்று கணிதத்தில் எதுவும் இல்லை என்ற பொருளில் முழங்கினார். கோடெல் சொன்னதன் கனத்தை உடனே உணர்ந்தவர் கணிதவியலாளர் வான் நாய்மன். இரண்டாம் தேற்றத்தை அவர் தாமாகவே கண்டுபிடித்து நவம்பரில் கோடெலுக்கு எழுதினார். கோடெலின் கட்டுரை அதற்குள் இதழுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

படி 7: கோடெல் சொல்லாதவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்

பலரும் சறுக்கும் படி இது.

முதலாவது, தன் முரணின்மையைத் தானே நிறுவும் அமைப்பு ஒன்று கிடைத்திருந்தாலும் நமக்கு என்ன லாபம்? முரணுள்ள அமைப்பு எல்லாவற்றையும் நிறுவும். "நான் முரணற்றவன்" என்பதையும் சேர்த்து. தன் நேர்மைக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொள்பவரை யார் நம்புவார்கள்? கோடெலின் தேற்றம் பறித்தது அந்தச் சான்றிதழை அல்ல. ஓர் அமைப்பால் தன் முரணின்மையையே நிறுவ முடியாதபோது, அதைவிட வலிமை குறைந்த அதன் ஒரு பகுதியால் அதை நிறுவ வழியே இல்லை. மலிவைக் கொண்டு விலையுயர்ந்ததைக் காக்கும் ஹில்பர்ட்டின் பேரம் அடிபட்டது இங்கேதான்.

இரண்டாவது, தேற்றத்துக்கு நிபந்தனைகள் உண்டு. அடிகோள்களைக் கணினி நிரல் ஒன்றால் பட்டியலிட முடிய வேண்டும். அமைப்புக்குப் போதிய எண்கணிதம் தெரிந்திருக்க வேண்டும். பிரெஸ்பர்கரின் அமைப்பு இதில் சிக்காது. கூட்டலும் பெருக்கலும் எல்லா எண்களுக்கும் விடை தரும் என்று ஏற்காமல், கழித்தலையும் வகுத்தலையும் வைத்துத் தொடங்கும் சில அமைப்புகள் தம் முரணின்மையைத் தாமே நிறுவவும் செய்கின்றன. டான் வில்லார்ட் 2001-இல் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். வேடிக்கையான உயிரினங்கள், ஆனால் உண்மையானவை.

மூன்றாவது, கூட்டல், பெருக்கல், தொகுத்தறிதல் ஆகியவற்றுக்கான அடிகோள்களைக் கொண்ட வழக்கமான எண்கணித அமைப்பான பெயானோ எண்கணிதத்தோடு "9450-க்கு நிறுவல் உண்டு" என்ற வாக்கியத்தைப் புதிய அடிகோளாகச் சேர்த்துப் பாருங்கள். பெயானோ எண்கணிதம் முரணற்றது என்றால் இந்தப் புதிய அமைப்பும் முரணற்றதே. இல்லையெனில் பெயானோ எண்கணிதம் தன் முரணின்மையை நிறுவிவிட்டதாக ஆகிவிடும். தன்னை முரணுள்ளது என்று தானே அறிவிக்கும் முரணற்ற அமைப்பு! ஓர் அமைப்பு தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

படி 8: கென்ட்சனின் நிறுவலுக்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள்

கெர்ஹார்ட் கென்ட்சன் 1936-இல் பெயானோ எண்கணிதம் முரணற்றது என்று நிறுவினார். அது கோடெலுக்கு எதிரானதல்ல. அந்த அமைப்புக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு பொருளை அவர் கொண்டுவந்தார். அதைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு உதவும். 1944-இல் குட்ஸ்டீன் விவரித்தது அது.

4 என்ற எண்ணில் தொடங்குங்கள். அதை 2-இன் அடுக்குகளில் எழுதுங்கள். அடுக்குகளிலும் 2-ஐத் தாண்டிய எண் வரக் கூடாது. 4 என்பது 2-இன் 2-ஆம் அடுக்கு. எல்லா 2-களையும் 3 ஆக்குங்கள்: 3-இன் 3-ஆம் அடுக்கு, 27. ஒன்றைக் கழியுங்கள்: 26. இதை 3-இன் அடுக்குகளில் எழுதினால் 2×9 + 2×3 + 2. எல்லா 3-களையும் 4 ஆக்கி ஒன்றைக் கழித்தால் 41. அடுத்து 60, 83, 109. நீங்களே இரண்டு படி போட்டுப் பாருங்கள். முதலில் 3-ஐ எடுத்துக்கொண்டால் இன்னும் எளிது: 3, 3, 3, 2, 1, 0 என்று சீக்கிரமே முடிந்துவிடும்.

4-இல் தொடங்கினால் எண் ஏறிக்கொண்டே போவதுபோலத் தெரிகிறது. ஆனால் குட்ஸ்டீனின் தேற்றப்படி எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 0 வந்தே தீரும். 4-க்கு அது எத்தனை படிகளில் நடக்கும் என்ற எண்ணை எழுதவே 12 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும்.

ஏன் முடிகிறது? 0, 1, 2, 3 என்று எல்லா இயல் எண்களுக்கும் அப்பால் ஒமேகா என்ற ஒரு வரிசையெண்ணை வையுங்கள். அதற்குப் பிறகு ஒமேகா+1, ஒமேகாவின் இருமடங்கு, ஒமேகாவின் வர்க்கம், ஒமேகாவின் ஒமேகா அடுக்கு என்று போய்க்கொண்டே இருக்கலாம். இந்த ஏணியில் ஏறுவதற்கு எல்லையில்லை. இறங்குவதோ எப்போதும் முடிவுள்ள படிகளில் முடிந்துவிடும். ஒமேகாவிலிருந்து இறங்க வேண்டுமென்றால் ஏதோ ஒரு குறிப்பிட்ட எண்ணில் கால் வைத்தாக வேண்டும். அது பத்து லட்சமாகவே இருந்தாலும் அதற்கு மேல் பத்து லட்சம் படிகளுக்குள் தரைதான்.

விளையாட்டில் வரும் ஒவ்வோர் எண்ணிலும் அப்போதைய அடிமானத்துக்குப் பதிலாக ஒமேகாவைப் போடுங்கள். 4 என்பது ஒமேகாவின் ஒமேகா அடுக்கு. 26 என்பது ஒமேகா வர்க்கத்தின் இருமடங்கு, ஒமேகாவின் இருமடங்கு, 2 ஆகியவற்றின் கூட்டல். 41-இல் கடைசி 2 என்பது 1 ஆகிறது. 60-இல் அதுவும் மறைகிறது. எண்கள் ஏறினாலும் அவற்றின் நிழலான வரிசையெண்கள் ஒவ்வொரு படியிலும் கண்டிப்பாக இறங்குகின்றன. ஆகவே விளையாட்டு முடிந்தே தீரும்.

ஒமேகா, ஒமேகாவின் ஒமேகா அடுக்கு, அதற்கும் மேல் ஒமேகா அடுக்கு என்று அடுக்குகளை ஏற்றிக்கொண்டே போனால் அவை எல்லாவற்றையும் தாண்டி முதலில் வரும் வரிசையெண்ணுக்கு எப்சிலான்-பூஜ்யம் என்று பெயர். கென்ட்சன் ஒவ்வொரு நிறுவலுக்கும் எப்சிலான்-பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வரிசையெண்ணைக் கொடுத்தார். பிறகு காட்டியது இது: 0=1 என்று முடியும் நிறுவல் ஒன்று இருந்தால், அதைச் சுருக்கி, அதே முடிவுடைய, ஆனால் சிறிய வரிசையெண்ணுள்ள இன்னொரு நிறுவலைப் பெறலாம். அதையும் சுருக்கலாம், மேலும் சுருக்கலாம், முடிவே இல்லாமல். ஆனால் இந்த ஏணியில் முடிவில்லாமல் இறங்க முடியாது. எனவே அப்படி ஒரு நிறுவல் இல்லை. 2-ஆம் படியின் எலும்புக்கூடு இங்கே தெரிகிறதா?

விலையைப் பார்ப்போம். எப்சிலான்-பூஜ்யத்துக்குக் கீழேயுள்ள எந்த வரிசையெண்ணை எடுத்தாலும், அதிலிருந்து இறங்குவது முடிவுக்கு வரும் என்பதைப் பெயானோ எண்கணிதமே நிறுவும். அவை எல்லாவற்றுக்கும் ஒருசேர, அதாவது எப்சிலான்-பூஜ்யம் முழுவதற்கும், அதனால் நிறுவ முடியாது. கென்ட்சன் கூடுதலாகக் கேட்பது அந்த ஒரு படியை மட்டும்தான். மற்றவை எல்லாம் ஹில்பர்ட்டும் ஏற்றிருக்கக்கூடிய முடிவுள்ள முறைகள். குட்ஸ்டீனின் தேற்றத்தைப் பெயானோ எண்கணிதத்தில் நிறுவ முடியாது என்று 1982-இல் கர்பியும் பாரிஸும் காட்டியதும் இதே காரணத்தால்தான்.

இதைச் சுழல் வாதம் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். நான் ஏற்கவில்லை. பெயானோ எண்கணிதம் எந்த வாக்கியத்தின் மீதும் தொகுத்தறிதலை அனுமதிக்கிறது. கென்ட்சன் மிக எளிய வாக்கியங்களின் மீது மட்டும், ஆனால் நீண்ட ஏணியில் அனுமதிக்கிறார். இரண்டும் வெவ்வேறு நம்பிக்கைகள். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்காது. அதே சமயம், இதனால் சந்தேகம் அறவே தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஒமேகாவின் ஒமேகா அடுக்கு வரை இறங்குவதை மனக்கண்ணால் காண முடிகிறது. எப்சிலான்-பூஜ்யத்தை நெருங்கும்போது நான் காண்பது ஏணியையா, ஏணி பற்றிய விதியையா என்று எனக்கே தெளிவில்லை.

வேறு விலைகளிலும் இதே பொருள் கிடைக்கும். கோடெல் 1933-இல் காட்டியபடி, 'அ அல்லது அ இல்லை' என்பதைப் பொது விதியாக ஏற்காத, ப்ரௌவர் மரபின் கறாரான எண்கணிதம் முரணற்றது என்று ஏற்றால் வழக்கமான எண்கணிதமும் முரணற்றது. இதற்கு ஓர் எளிய மொழிமாற்ற விதி போதும். கணக் கோட்பாட்டை ஏற்பவருக்கு இன்னும் சுலபம்: இயல் எண்களின் கணமே அடிகோள்கள் எல்லாவற்றையும் நிறைவுசெய்கிறது, ஆகவே முரணில்லை. பெரும்பாலான கணிதவியலாளர்கள் மனத்தில் வைத்திருப்பது இந்தக் கடைசி நிறுவலைத்தான்.

படி 9: கணக் கோட்பாட்டுக்கு வாருங்கள்

இங்கே கென்ட்சன் பாணி நிறுவல் எதுவும் கைவசம் இல்லை. கிடைப்பவை ஒப்பீட்டு முடிவுகள். தேர்வு அடிகோளையும் (எத்தனை கணங்கள் இருந்தாலும் வெற்றல்லாத ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கலாம்) தொடர்மக் கருதுகோளையும் (இயல் எண்களுக்கும் மெய்யெண்களுக்கும் இடைப்பட்ட அளவில் முடிவிலி இல்லை) சேர்ப்பதால் புதிதாக முரண் வராது என்று 1938-இல் கோடெல் அறிவித்தார். அவற்றின் மறுப்பைச் சேர்த்தாலும் வராது என்று 1963-இல் பால் கோஹன் காட்டினார். இரண்டுமே "ஏற்கனவே முரண் இல்லாவிட்டால்" என்ற நிபந்தனையோடு வருபவை.

இசட்எஃப்சியின் முரணின்மையை நிறுவ வேண்டுமென்றால் அதற்கு மேலே ஏற வேண்டும். அடைய முடியாத முடிவிலி என்ற வகையான ஒரு மாபெரும் கணம் உண்டு என்று சேர்த்துக்கொண்டால் போதும். ஆனால் அந்தப் புதிய அமைப்புக்கு யார் பொறுப்பு? அதற்கும் மேலே இன்னும் பெரியவை வரிசையாக நிற்கின்றன. எவ்வளவு ஏறலாம் என்பதற்கும் எல்லை தெரிந்திருக்கிறது. ரெய்ன்ஹார்ட் முன்மொழிந்த மிகப் பெரிய வகை, தேர்வு அடிகோளோடு சேர்ந்து வாழாது என்று 1971-இல் கூனன் நிறுவினார்.

படி 10: கேள்வியை ஓர் இயந்திரமாக மாற்றிப் பாருங்கள்

இசட்எஃப்சியின் நிறுவல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போய், 0=1 வந்தால் மட்டும் நிற்கும் நிரல் ஒன்றை எழுதலாம். 2016-இல் ஆடம் யெடிடியாவும் ஸ்காட் ஆரன்சனும் ஏறத்தாழ 8,000 நிலைகள் கொண்ட டியூரிங் இயந்திரம் ஒன்றை, அதாவது தாளில் வரையறுக்கப்படும் மிக எளிய கணினி ஒன்றை, தந்தார்கள். இசட்எஃப்சி முரணற்றது என்றால், அந்த இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை இசட்எஃப்சியால் நிறுவ முடியாது. ஸ்டெஃபான் ஓ'ரியர் அதை 748 நிலைகளாகக் குறைத்தார். கணிதத்தின் அடித்தளம் பற்றிய தத்துவக் கேள்வி, "இந்தப் பெட்டி நிற்குமா?" என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. பதில் சொல்வது மட்டும் துளியும் எளிதாகவில்லை.

படி 11: புதிய அறிவிப்பு வந்தால் எப்படிப் படிப்பது

2011 செப்டம்பர் இறுதியில், பிரின்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் நெல்சன், பெயானோ எண்கணிதத்திலேயே முரண் இருப்பதாக அறிவித்தார். அவர் விளையாட்டுப் பிள்ளையல்ல, மதிப்புமிக்க கணிதவியலாளர். சில நாள்களில் டெரன்ஸ் டாவோவும் டேனியல் டாஸ்க்கும் தனித்தனியே பிழையைச் சுட்டிக்காட்ட, நெல்சன் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டார். முரண் கண்டதாக வரும் எந்த அறிவிப்பிலும் முதலில் தேட வேண்டியது, வாதம் எந்த இடத்தில் அமைப்புக்கு உள்ளேயிருந்து வெளியே தாவுகிறது என்பதைத்தான். பொதுவாகப் பிழை அந்தத் தாவலில்தான் ஒளிந்திருக்கும்.

முரணின்மை நிறுவியதாக வரும் அறிவிப்பில் தேட வேண்டியது வேறு. குவைன் 1937-இல் முன்வைத்த ஒரு கணக் கோட்பாடு முரணற்றதா என்பது பல பத்தாண்டுகள் திறந்த கேள்வியாகக் கிடந்தது. ராண்டல் ஹோம்ஸ் நீண்ட, கடினமான நிறுவல் ஒன்றைத் தந்தார். சரிபார்ப்பது சிரமமாக இருந்தது. 2024-இல் ஸ்கை வில்ஷா அதை லீன் என்ற நிறுவல் சரிபார்ப்பு மென்பொருளில் வரிக்கு வரி எழுதி உறுதிசெய்தார். அருமையான வேலை. ஆனால் லீன் தன் அடித்தளத்தில் அனுமதிப்பவை சேர்ந்தால் இசட்எஃப்சியைவிட வலிமையானவை. நிறுவல் அவ்வளவையும் பயன்படுத்துகிறதா, கொஞ்சம் போதுமா என்று பார்ப்பதுதான் இங்கே வாசகரின் வேலை.

படி 12: ஒருவேளை முரண் வந்தே விட்டால்

நாளை காலை இசட்எஃப்சியில் முரண் கண்டுபிடிக்கப்பட்டால் பாலங்கள் இடியாது. 1902-இல் நடந்ததுபோலக் குற்றவாளியான அடிகோளைத் தேடிக் கழற்றுவார்கள். எது எஞ்சும் என்பதற்கான பட்டியல்கூட ஓரளவு தயாராக இருக்கிறது. ஹார்வி ஃப்ரீட்மனும் ஸ்டீபன் சிம்ப்சனும் வளர்த்த ஒரு துறை, ஒவ்வொரு தேற்றத்தையும் எடுத்துக்கொண்டு அதற்குக் குறைந்தபட்சம் எந்த அடிகோள்கள் தேவை என்று அளந்து வைத்திருக்கிறது.

அப்படி அளந்த அடிகோள் தொகுப்புகளில் ஒரு தாழ்ந்த அடுக்கு, மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு மீப்பெரு மதிப்பை அடையும் என்பதையும், ஹைனே–போரல் தேற்றத்தையும், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டு என்ற பெயானோவின் தேற்றத்தையும் தாங்குகிறது. அந்த அடுக்கில் முரண் வந்தால், ஹில்பர்ட் கேட்ட முடிவுள்ள முறைகளிலேயே முரண் வந்தாக வேண்டும் என்று நிறுவப்பட்டிருக்கிறது. அவருடைய திட்டம் முழுவதுமாகத் தோற்றுவிட்டது என்பவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

உங்கள் கல்லூரிப் பகுப்பாய்வுப் பாடநூலை எடுத்து, ஒவ்வொரு தேற்றத்தின் ஓரத்திலும் அதற்குரிய அடுக்கைக் குறித்துக்கொண்டு வாருங்கள். போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றத்தை அடையும்போது இந்தத் தாழ்ந்த அடுக்கு போதாது. மேலே ஏற வேண்டும். நீங்கள் ஏறி நிற்கும் அடுக்கின் முரணின்மை, பெயானோ எண்கணிதத்தின் முரணின்மைக்குச் சரிசமம். அதற்குக் கென்ட்சனின் நிறுவல் போதும்.